கும்மிடிப்பூண்டிக்கு இரவிலும் இயங்கும் அவசர மருத்துவக் குழு வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

கும்மிடிப்பூண்டி சிப்காட் வட்டாரத்தில் பணியாற்றும் மருத்துவர்கள், செவிலியர்கள், ஆலைப் பாதுகாப்பு அலுவலர்கள், தொழிற்சங்கத்தினர் ஆகிய நாங்கள் கூட்டாக முன்வைக்கும் நிலைப்பாடு இது. உலக சுகாதார அமைப்பு அவசர மருத்துவக் குழுக்களுக்கு வகுத்துள்ள தரநிலையை எட்டும் நிரந்தரக் குழு ஒன்று இந்தத் தொழிற்பேட்டைக்கு வேண்டும். அது 24 மணி நேரமும் இயங்க வேண்டும்.

ஏன் இரவிலும்?

2023 டிசம்பர் 26 அன்று நள்ளிரவை நெருங்கும் வேளையில் எண்ணூர் பெரியகுப்பம் கடலோரத்தில் அம்மோனியா கசிந்தது. மூச்சுத்திணறலும் கண் எரிச்சலுமாக ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். 2024 அக்டோபர் 11 இரவு எட்டரை மணியளவில் கவரைப்பேட்டையில் நின்றிருந்த சரக்கு ரயில் மீது பாக்மதி எக்ஸ்பிரஸ் மோதியது. 2025 ஜூலை 13 விடியற்காலையில் திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிச் சென்ற சரக்கு ரயில் தீப்பற்றி எரிந்தது. மூன்றிலும் உயிரிழப்பு இல்லை என்பது ஆறுதல்தான். ஆனால் மூன்றுமே புறநோயாளிப் பிரிவு மூடியிருக்கும் நேரத்தில் நடந்தவை.

தரநிலை சொல்வது

2010 ஹைட்டி நிலநடுக்கத்துக்கு ஓடிவந்த பன்னாட்டுக் குழுக்கள் சிலவற்றின் சிகிச்சைத் தரம் கேள்விக்குள்ளானது. அந்த அனுபவத்தையொட்டி 2013இல் தரநிலைகள் வெளியாயின; 2021இல் திருத்தப்பட்டன. அவை பிரிக்கும் வகைகளில் முதல் வகை நிலையான குழு நாளொன்றுக்குக் குறைந்தது 100 புறநோயாளிகளைக் கவனிக்க வேண்டும். தண்ணீர், மின்சாரம், மருந்து எதற்கும் பாதிக்கப்பட்ட ஊரின் கையை எதிர்பார்க்கக் கூடாது. அறுவை அரங்கும் 20 உள்நோயாளிப் படுக்கைகளும் கொண்ட இரண்டாம் வகைக் குழு இரவு பகலாக இயங்கும். முதல் வகைக்கோ பகல்நேரப் பணிதான் குறைந்தபட்சம். மூன்று ஷிப்ட் ஓடும் ஆலைகளுக்கு அது போதாது. முதல் வகையின் ஏற்பாடுகளும் இரண்டாம் வகையின் நேரமும் சேர்ந்த குழுவையே கேட்கிறோம்.

108 ஆம்புலன்ஸும் அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இரண்டின் பணியையும் மதிக்கிறோம். ஆனால் ஒரே சமயத்தில் ஐம்பது பேர் மூச்சுக்குத் தவிக்கும்போது, யாரை முதலில் பார்ப்பது என்று தரம் பிரித்துச் சிகிச்சை தொடங்க உள்ளூரிலேயே ஆள் வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள்

1. ஒவ்வோர் ஆலையும் கையாளும் ரசாயனங்கள், அவற்றின் அளவு, பாதிப்புக்கான சிகிச்சை ஆகியவற்றின் பட்டியல் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருக்க வேண்டும். 1984இல் போபால் மருத்துவர்கள் எந்த நச்சு என்று சரிவரத் தெரியாமலே வைத்தியம் பார்க்க நேர்ந்தது.

2. மருத்துவமனை வாசலிலேயே கழுவுமிடம் அமைய வேண்டும். ரசாயனம் பட்டவரின் உடைகளைக் களைந்து, உடம்பை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, கண்ணில் கால் மணி நேரமாவது தண்ணீர் ஓடவிட்ட பிறகே வார்டுக்குள் கொண்டுபோக வேண்டும். மூச்சுத் திணறுபவருக்கு இதோடு சேர்த்தே பிராணவாயு கொடுக்க வேண்டும். 1995 டோக்கியோ சரின் தாக்குதலில் இப்படிக் கழுவாமல் உள்ளே வந்தவர்களிடமிருந்து மருத்துவமனை ஊழியர்களுக்கும் நச்சு தொற்றியது.

3. அபாயகர வேதிப்பொருட்களுக்கான 1989ஆம் ஆண்டு விதிகள் ஆலைக்குள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், ஆலைக்கு வெளியே ஆண்டுக்கு ஒருமுறையும் ஒத்திகை கேட்கின்றன. வெளி ஒத்திகையை இரவு ஷிப்டில் நடத்த வேண்டும். வடமாநிலத் தொழிலாளர்களுக்குப் புரியும்படி இந்தியிலும் ஒடியாவிலும் அறிவிப்பு ஒலிக்க வேண்டும்.

4. குழுவின் செலவை அரசும் ஆலைகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆபத்தான பொருளைச் சேமித்து வைப்பவர்களுக்கு இதில் கூடுதல் பங்கு உண்டு.

குழுவுக்குப் பயிற்சியளிக்கவும் ஒத்திகைகளில் பணியாற்றவும் எங்கள் உறுப்பினர்கள் ஊதியமின்றி முன்வருகிறார்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பேரிடர் மேலாண்மை ஆணையம் ஆலை நிர்வாகங்களையும் மருத்துவத் துறையையும் எங்களையும் ஒரே மேசைக்கு அழைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் முதல் இரவு ஒத்திகை நடந்தாக வேண்டும்.