உழைப்பவனுக்கு விளையாட்டு எதற்கு?

"எட்டு மணி நேரம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவனுக்குத் தேகப்பயிற்சி வேறு வேண்டுமா?" என்று கேட்கிறார்கள். "நாள் முழுவதும் குனிந்து நாற்று நடுகிற பெண்ணுக்கு விளையாட்டு எதற்கு?" என்றும் கேட்கிறார்கள். முதலாளிகள் மட்டும் இப்படிக் கேட்பதில்லை. நம் வீட்டுப் பெரியவர்களும் கேட்கிறார்கள். சங்கக் கூட்டத்தில் ஒரு வாலிபர் எழுந்து, மைதானம் வேண்டும் என்று பேசினால், "கூலி இருக்கிறது, போனஸ் இருக்கிறது, வேலை நிரந்தரம் இருக்கிறது, இதுவா இப்போது முக்கியம்?" என்று உட்கார வைத்துவிடுகிறோம்.

இது அவ்வளவு சின்ன விஷயமா? பார்ப்போம், தோழர்களே.

வேலை வேறு, பயிற்சி வேறு

டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களையும் பெண்களையும் ஏறக்குறைய பத்தாண்டுகள் கவனித்து, 2021இல் ஓர் ஆராய்ச்சி முடிவை வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் விளையாடியவர்களுக்கும் உடற்பயிற்சி செய்தவர்களுக்கும் மாரடைப்பு முதலிய வியாதிகளும் அகால மரணமும் குறைவாக இருந்தன. வேலையில் உடலை வருத்தி உழைத்தவர்களுக்கோ அவை அதிகமாக இருந்தன. புகைப் பழக்கம், படிப்பு, வருமானம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இந்த வித்தியாசம் மறையவில்லை.

காரணம் என்ன? வைத்தியர்கள் தரும் விளக்கம் நமக்கு எளிதில் புரியக்கூடியதுதான். பந்து விளையாடுகிறவன் ஓடுகிறான், இளைக்கிறான், நிற்கிறான், தண்ணீர் குடிக்கிறான், மறுபடி ஓடுகிறான். எப்போது நிற்பது என்பதை அவனே தீர்மானிக்கிறான். உலை முன் நிற்கும் தொழிலாளிக்கு அந்தத் தீர்மானம் இல்லை. மெஷின் நிற்கும் வரை அவனும் நிற்க வேண்டும். ஒரே கை, ஒரே தோள், ஒரே அசைவு மணிக்கணக்கில் நடக்கிறது. இருதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறியபடியே இருக்கின்றன. இறங்குவதற்கு இடைவெளி கிடைப்பதில்லை. வயலில் குனிந்த முதுகின் கதையும் இதேதான். களைப்பு வருகிறது, பலம் வருவதில்லை.

ஆகவே, "வேலையே பயிற்சிதானே" என்ற பேச்சு விஞ்ஞானத்துக்கு ஒவ்வாதது. ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறவரைவிட, உடலால் உழைக்கிறவருக்குத்தான் ஓய்வும் விளையாட்டும் கூடுதலாகத் தேவை. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் வரை உடலை மிதமாக இயக்க வேண்டும், குழந்தைகள் தினமும் சராசரியாக 60 நிமிஷம் ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் கூறியது. நல்ல புத்திமதி. ஆனால் எந்த நேரத்தில்? எந்த இடத்தில்? அதற்கு யார் பதில் சொல்வது?

தர்ம ஸ்தாபனங்கள் செய்தது என்ன?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட முயன்ற தர்ம ஸ்தாபனங்கள் உண்டு. அவற்றின் நல்ல வேலையை மறைக்க வேண்டியதில்லை.

ஒய்.எம்.சி.ஏ. எனப்படும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். லண்டனில் ஜவுளிக்கடைச் சிப்பந்தியாக வேலை பார்த்த ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற வாலிபர், தம்மைப் போன்ற சிலருடன் சேர்ந்து 1844 ஜூன் 6இல் அதை ஆரம்பித்தார். கடையிலேயே வேலை, கடையின் மேல்மாடியிலேயே படுக்கை, வெளியே போனால் சாராயக் கடை என்றிருந்த வாலிபர்களுக்குக் கூடிப் பேச ஓர் இடம் வேண்டும் என்பதே தொடக்கம். மத நோக்கத்தில் பிறந்த அந்தச் சங்கம், பிறகு உலகெங்கும் தேகப்பயிற்சிக் கூடங்களைக் கட்டியது. இன்று நம் கிராமத்து வாலிபர்கள் வலை கட்டி ஆடும் வாலிபால் எங்கே பிறந்தது தெரியுமா? அமெரிக்காவில் காகித ஆலைகள் நிறைந்த ஹோலியோக் என்ற ஊரில், இந்தச் சங்கத்தின் கூடத்தில், 1895இல் பிறந்தது. வேலை முடிந்து வரும் நடுத்தர வயதினருக்கு, ஒருவர்மேல் ஒருவர் மோதாமல் ஆடக்கூடிய ஆட்டம் ஒன்று வேண்டும் என்று வில்லியம் மார்கன் என்ற பயிற்சியாளர் அதை அமைத்தார்.

நமது சென்னைக்கு அந்தச் சங்கம் 1890இல் வந்தது. ஹாரி குரோ பக் என்பவர் 1920இல் இங்கே தேகப்பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து நந்தனத்தில் கல்லூரியாக நிற்கிறது. நம் பிள்ளைகளுக்கு "டிரில் வாத்தியார்" என்று ஒருவர் கிடைத்ததில் அந்தக் கல்லூரிக்குப் பெரும் பங்கு உண்டு.

லண்டனில் பெக்காம் என்ற தொழிலாளர் வட்டாரத்தில் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. ஸ்காட் வில்லியம்சன், இன்னஸ் பியர்ஸ் என்ற இரு டாக்டர்கள் 1926இல் ஒரு சிறிய வீட்டில் ஆரம்பித்து, 1935இல் பெரிய கட்டடம் ஒன்றில் சுகாதார நிலையத்தைத் திறந்தார்கள். நடுவே நீச்சல் குளம். சுற்றிலும் தேகப்பயிற்சிக் கூடம், சிற்றுண்டிச் சாலை, குழந்தைகள் அறை, நடன மண்டபம். தனி ஆளுக்கு அங்கே அங்கத்தினர் சீட்டு இல்லை. முழுக் குடும்பமும் சேர வேண்டும். நடந்து வரும் தூரத்தில் குடியிருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு ஷில்லிங் சந்தா. அங்கத்தினர் அனைவருக்கும் அவ்வப்போது முழு வைத்தியப் பரிசோதனை.

அந்தப் பரிசோதனையில் என்ன தெரிந்தது? எந்தக் கோளாறும் இல்லாமல் இருந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை! பலருக்குத் தமக்கு வியாதி இருப்பதே தெரியாது. ரத்த சோகையுள்ள தாய், "எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு வேலை பார்த்தாள். இது லண்டனுக்கு மட்டும் உரிய கதையா? 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப சுகாதாரக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதத்தினருக்கு ரத்த சோகை. நம் தாயும் தங்கையும் மனைவியும் அதில் இருக்கிறார்கள். அவர்களும் "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்றுதான் சொல்கிறார்கள்.

பெக்காமில் இன்னொரு பாடமும் கிடைத்தது. இதை ஆடு, அதைச் செய் என்று டாக்டர்கள் உத்தரவு போடவில்லை. இடத்தையும் சாமான்களையும் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். ஜனங்கள் தாங்களே குழு சேர்த்தார்கள், தாங்களே நடத்தினார்கள். குழந்தை நீந்துவதைக் கண்ணாடி வழியே பார்த்த தாய், சில நாளில் தானும் தண்ணீரில் இறங்கினாள். ஆரோக்கியம் என்பது மருந்துச் சீசாவில் மட்டும் இல்லை, கூடி வாழ்வதிலும் இருக்கிறது என்பதை அந்த நிலையம் காட்டியது.

தர்மம் எங்கே நின்றுவிடுகிறது?

இவ்வளவு நல்ல நிலையம் என்ன ஆயிற்று? 1950இல் மூடப்பட்டது. 1948இல் பிரிட்டனில் எல்லோருக்கும் இலவச வைத்தியம் தரும் தேசிய சுகாதார சேவை வந்தது. அது மகத்தான வெற்றி. ஆனால் நோயாளியைக் கவனிக்க அமைந்த அந்த ஏற்பாட்டில், நோய் வராமல் குடும்பத்தைக் காக்கும் பெக்காமுக்கு இடம் கிடைக்கவில்லை. நன்கொடையும் போதவில்லை. கதவு சாத்தப்பட்டது.

தர்மத்தின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. கொடுப்பவர் கை சோர்ந்தால் மைதானமும் மூடும். கொடுப்பவர் சாவியை வைத்திருந்தால், அவருக்குப் பிடித்த நேரத்தில்தான் கதவு திறக்கும். தவிர, எவ்வளவு நல்ல தர்ம ஸ்தாபனமும் நமக்குத் தர முடியாத பொருள் ஒன்று இருக்கிறது. அது நேரம்.

நேரம் போராட்டத்தினால் கிடைத்தது, தோழர்களே! 1918 ஏப்ரலில் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, பி அண்டு சி ஆலைத் தொழிலாளர் சொன்ன முதல் குறைகளில் ஒன்று, மத்தியான இடைவேளை சோறு தின்னவும் போதவில்லை என்பதுதான். 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியபோது, எட்டு மணி நேர வேலை என்பது நம் நாட்டில் கனவு. 1922இல் வாரத்துக்கு 60 மணி, 1934இல் 54 மணி, 1946இல் 48 மணி என்று சட்டம் படிப்படியாக இறங்கி வந்தது. ஒவ்வொரு படியிலும் தொழிலாளியின் வேர்வையும் சிறைவாசமும் இருக்கின்றன.

வந்தது நிலைத்துவிட்டதா? 2023 ஏப்ரல் 21இல், ஒரு நாளில் 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிவிடும் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேற்றப்பட்டது. சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்தன. மே தினத்தன்று அது வாபஸ் பெறப்பட்டது. அந்த மசோதா நிலைத்திருந்தால், எத்தனை மைதானம் கட்டியும் என்ன பயன்? விளையாட யார் வருவார்கள்?

நம் பகுதியில் நிலைமை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும், தேர்வாய் கண்டிகையிலும், காக்களூர் தொழிற்பேட்டையிலும் ஆயிரக்கணக்கானவர்கள் உழைக்கிறார்கள். அடிப்படைக் கூலி போதாதவன் ஓவர்டைமுக்கு ஓடுகிறான். காண்ட்ராக்டில் வந்தவனுக்கு மறுக்கவும் தைரியம் இல்லை. ஷிப்டு முடிந்து வரும்போது திறந்திருப்பது டாஸ்மாக் கடை. அதை மட்டும் திட்டிப் பயன் இல்லை. மாலையில் போக வேறு என்ன இடத்தை வைத்திருக்கிறோம்?

கிராமத்தில் மேய்க்கால் நிலம்தான் பிள்ளைகளுக்கு மைதானமாகவும் இருந்தது. தேர்வாய் கண்டிகையில் அப்படிப்பட்ட நிலம் தொழிற்பேட்டைக்கு எடுக்கப்பட்டபோது ஊர் மக்கள் எதிர்த்துப் போராடியது இந்த வட்டாரத்தார் அறிந்ததே. மற்ற ஊர்களில் வயல்கள் மனைகளாகிக்கொண்டிருக்கின்றன. 2021 முதல், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. வரவேற்கிறோம். ஆனால் அந்த வியாதிகளைத் தள்ளிவைக்கும் மைதானம் வீட்டருகே வரவில்லையே!

கேட்க வேண்டியதைக் கேட்போம்

யாரிடமும் கை ஏந்த வேண்டியதில்லை. சட்டத்தில் இருப்பதைக் கேட்டாலே பாதி வழி நடந்துவிடும்.

முதலாவது, நிலம். 10,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைப்பிரிவு போடுகிறவர், சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. நம் ஊர் மனைப்பிரிவுகளில் அந்த நிலம் எங்கே? வேலி போட்டு வைத்திருப்பது யார்? பஞ்சாயத்தில் கேளுங்கள்.

இரண்டாவது, பணம். 2013ஆம் வருஷக் கம்பெனிச் சட்டப்படி, 5 கோடி ரூபாயோ அதற்கு மேலோ நிகர லாபம் காணும் கம்பெனி, முந்திய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும். ஆலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும். கிராமிய விளையாட்டும் அதில் அடங்கும். கம்பெனி பெயரைப் பெரிதாக எழுதி நாடா வெட்டும்போது அது தர்மம்போலத் தோன்றும். உண்மையில் அது சட்டக் கடமை, நம் உழைப்பில் விளைந்த பணம். தொழிலாளி, முதலாளி, சர்க்கார் மூவரும் செலுத்தும் தொழிலாளர் நல நிதியும் இருக்கிறது. அதை நடத்தும் நல வாரியத்தின் மையம் ஒன்று நம் தொழிற்பேட்டையருகே வேண்டும் என்று சங்கங்கள் கோரவேண்டும்.

மூன்றாவது, பூட்டு. 2006க்குப் பின் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊர்தோறும் நூலகமும் விளையாட்டுத் திடலும் அமைத்தார்கள். உங்கள் ஊரில் அது பூட்டிக் கிடக்கிறதா, புதர் மண்டிக் கிடக்கிறதா என்று போய்ப் பாருங்கள். திறக்க வைப்பது நம் கையில் இருக்கிறது.

நான்காவது, நிர்வாகம். சாவி நம்மிடம் இருக்க வேண்டும். ஆலைத் தொழிலாளி, விவசாயக் கூலி, மாதர், வாலிபர் என்று எல்லோரும் சேர்ந்த கமிட்டி நடத்த வேண்டும். வாலிபர்கள் மட்டும் ஆடும் இடமாக அது ஆகிவிடக் கூடாது. விளக்கு, கழிப்பறை, குடிதண்ணீர், கைக்குழந்தையை விட ஒரு மூலை இவை இருந்தால்தான் பெண்கள் வருவார்கள். அவர்களுக்கென்று நேரம் ஒதுக்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டு அடுப்பை ஆண் பார்த்துக்கொள்ளட்டும்! மாதம் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தார் அங்கேயே வந்து ரத்தப் பரிசோதனை செய்யட்டும்.

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் முடங்கிக் கிடக்கும் தோழனையும் மறக்கக் கூடாது. அவன் மொழி நமக்குத் தெரியாது, நம் மொழி அவனுக்குத் தெரியாது. ஆனால் நம் சடுகுடுவை அவன் கபடி என்று ஆடுகிறான். கோட்டைத் தாண்டி மூச்சுப் பிடித்து வருகிறவனைப் புரிந்துகொள்ள மொழிபெயர்ப்பாளர் வேண்டாம். மைதானத்தில் பழகியவர்களைப் பிரித்து வைத்துக் கூலியைக் குறைப்பது முதலாளிக்கு அவ்வளவு சுலபமாக இராது.

மே 1ஆம் தேதி ஊர்தோறும் கிராம சபை கூடுகிறது. கொடி ஏற்றிவிட்டுக் கலைந்து போகாமல், சபையில் போய் உட்காருங்கள். "எங்கள் ஊருக்கு மைதானம் எங்கே? நூலகச் சாவி யாரிடம்?" என்று எழுந்து கேளுங்கள். தீர்மானமாக எழுத வையுங்கள். எட்டு மணி நேரத்தை விட்டுக்கொடுக்காத சங்கமும், சாவியைத் தன்னிடம் வைத்திருக்கும் கமிட்டியும் இருந்தால், நம் குடும்பங்களின் ஆரோக்கியம் யாருடைய கருணையையும் நம்பி நிற்க வேண்டியதில்லை.