ஆயிரம் ஒலி வேண்டாம்; மூன்று வரம் போதும்!

மின்சார வாத்தியம் செய்பவர்களிடம் என்ன கேட்க வேண்டும்?

வரம் கேட்பதற்கும் அறிவு வேண்டும். "நான் யார் தலையில் கை வைத்தாலும் அவர் எரிந்து சாம்பலாக வேண்டும்" என்று பஸ்மாசுரன் வரம் கேட்டான். வரம் கிடைத்தது. கடைசியில் எரிந்தது அவன் தலை!

சிந்தசைசர் வாசிப்பவர்களும் இப்போது வரம் கேட்கிறார்கள். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள கம்பெனிகள் ஆண்டுதோறும் புதுப்புது வாத்தியங்களை விற்பனைக்கு விடுகின்றன. "அடுத்த வாத்தியம் எப்படி இருக்க வேண்டும்?" என்று வாசிப்பவர்கள் பட்டியல் போடுகிறார்கள். அந்தப் பட்டியல்களில் அடிக்கடி வரும் ஆசை ஒன்று உண்டு. "இன்னும் நிறைய ஒலி வேண்டும்" என்பதே அது.

இந்த வரம் தேவை இல்லை. கேட்க வேண்டியவை வேறு இருக்கின்றன.

தந்தி இல்லை, தோல் இல்லை

வீணைக்குத் தந்தி உண்டு. மிருதங்கத்துக்குத் தோல் உண்டு. நாகசுரத்துக்குச் சீவாளி உண்டு. சிந்தசைசருக்கு இவை ஒன்றும் இல்லை. மின்சாரத்தை அலை அலையாக ஓட விட்டு, அதில் வேண்டாததை வடிகட்டி, ஒலிபெருக்கி வழியாகப் பாட வைக்கும் கருவி அது. கல்யாண மேடையிலும், சர்ச்சிலும், மெல்லிசைக் கச்சேரியிலும் "கீபோர்டு" என்று ஒன்று இருக்கிறதே, அதுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

அமெரிக்காவைச் சேர்ந்த ராபர்ட் மூக் 1964-ம் ஆண்டில் இதைச் செய்யத் தொடங்கினார். முதலில் வந்தவை அலமாரி போல இருந்தன. ஒயர்களை மாற்றி மாற்றிச் செருகினால்தான் ஒலி மாறும். 1970-ம் ஆண்டில் "மினிமூக்" வந்தது. அதைக் கையில் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் ஒரு சமயத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும்.

1983-ம் ஆண்டில் ஜப்பானின் யமஹா கம்பெனி "டி.எக்ஸ். 7" என்ற வாத்தியத்தை வெளியிட்டது. அதில் ஒரே சமயத்தில் 16 சுரங்கள் ஒலிக்கும். 32 வகை ஒலிகளை அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். உலகமே வியந்தது!

இன்று சிறு பிள்ளைகள் பழகும் கீபோர்டிலேயே நூற்றுக்கணக்கான ஒலிகள் இருக்கின்றன. புல்லாங்குழல் வேண்டுமா? ஒரு பொத்தான். வயலின் வேண்டுமா? இன்னொரு பொத்தான். ஒலிக்குப் பஞ்சமே இல்லை. பிறகு இன்னும் ஒலி எதற்கு?

கேட்டால் கிடைக்குமா?

"நாம் கேட்டால் பெரிய கம்பெனிகள் காது கொடுக்குமா?" என்று சிலர் நினைக்கலாம். கொடுக்கும். கொடுத்திருக்கின்றன.

1980-ம் ஆண்டு வாக்கில், ஒரு கம்பெனியின் வாத்தியத்தை இன்னொரு கம்பெனியின் வாத்தியத்தோடு இணைப்பது பெரும் பாடு. ஒன்றின் பாஷை மற்றொன்றுக்குப் புரியாது. ரோலண்டு கம்பெனியை நிறுவிய ஜப்பானியர் இகுதாரோ ககேஹாஷியும், அமெரிக்கர் டேவ் ஸ்மித்தும் இதற்கு வழி தேடினார்கள். போட்டிக் கம்பெனிகள் கூடிப் பேசின. எல்லா வாத்தியங்களுக்கும் பொதுவாக ஒரு பாஷை பிறந்தது. அதன் பெயர் "மிடி".

1983-ம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு வாத்தியக் கண்காட்சி நடந்தது. வெவ்வேறு கம்பெனிகள் செய்த இரண்டு வாத்தியங்களை ஒயர் போட்டு இணைத்தார்கள். ஒன்றை வாசித்தால் மற்றதும் பாடியது! இந்தப் பாஷைக்கு அவர்கள் கட்டணம் கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் உபயோகிக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். 40 ஆண்டுகளுக்குப் பிறகும் அது வழக்கில் இருக்கிறது. இந்தச் சாதனைக்காக 2013-ம் ஆண்டில் இருவருக்கும் கிராமி விருது கிடைத்தது.

நிறுத்தப்பட்ட மினிமூக் வாத்தியத்தை, "திரும்பச் செய்து கொடுங்கள்" என்று வாசிப்பவர்கள் ஓயாமல் கேட்டார்கள். 2016-ம் ஆண்டில் மூக் கம்பெனி அதை மறுபடியும் செய்தது.

ஆகவே, கேட்டால் கிடைக்கும். கேட்பதைச் சரியாகக் கேட்க வேண்டும்.

முதல் வரம்: வளையும் சுரம்

தோடி ராகத்துக் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்பதில்லை. ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே இருக்கும். வீணை வாசிப்பவர் தந்தியை இழுத்து அந்த ஆட்டத்தைக் கொண்டு வருகிறார். நாகசுரக்காரர் உதட்டாலும் மூச்சாலும் கொண்டு வருகிறார். இதுதான் கமகம். கமகம் இல்லாவிட்டால் ராகத்துக்கு உயிர் இல்லை.

கட்டை வாத்தியத்தில் இது வராது. ஒரு கட்டைக்கு ஒரு சுரம். அதற்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே ஒன்றும் இல்லை.

மேல்நாட்டிலிருந்து வந்த வயலின் கர்நாடக சங்கீத மேடையில் ஏறி உட்கார்ந்தது. அதே மேல்நாட்டிலிருந்து வந்த ஆர்மோனியம் நாடக மேடையில் ராஜாவாக இருந்தது. ஆனால் சங்கீத மேடையில் அதற்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. காரணம் இதுதான். அகில இந்திய வானொலி 1940-ம் ஆண்டில் ஆர்மோனியத்துக்குத் தடையே போட்டது. 1971-ம் ஆண்டில்தான் அந்தத் தடை தளர்ந்தது.

ஆர்மோனியத்தின் குறையைத்தான் கீபோர்டும் சுமக்கிறது. இடது கைப் பக்கம் ஒரு சிறு சக்கரம் வைத்திருப்பார்கள். அதை உருட்டினால் சுரம் வளையும். கைதேர்ந்தவர்கள் அதை வைத்தே அழகாக ராகம் வாசிக்கிறார்கள். ஆனால், பத்து விரலில் ஐந்து விரல் அந்தச் சக்கரத்துக்கே காவல் இருக்க வேண்டும். சேர்த்து வாசிக்கும் மற்ற சுரங்களும் கூடவே வளையும்.

யமஹா கம்பெனி இந்தியாவுக்கென்றே தனி கீபோர்டு செய்தது. தபலா, தம்புரா, சித்தார் ஒலிகளை அதில் சேர்த்தது. நல்ல காரியம்தான். ஆனால் கட்டை அதே கட்டை! சித்தாரின் குரல் வந்தது. சித்தாரின் விரல் வரவில்லை.

நடக்காத ஆசையா இது? இல்லை. பிரான்சு நாட்டைச் சேர்ந்த மார்த்தெனோ என்பவர் 1928-ம் ஆண்டிலேயே ஒரு மின்சார வாத்தியத்தைச் சபையில் வாசித்துக் காட்டினார். பின்னர் அதற்கு அவர் அமைத்த கட்டைகளைப் பக்கவாட்டில் அசைத்தால் சுரம் ஆடும்!

நம் நாட்டிலும் ஒருவர் வழி காட்டினார். மும்பையில் இந்திப் படங்களுக்கு வாசித்த சரண்ஜித் சிங், 1982-ம் ஆண்டில் ரோலண்டு கம்பெனியின் மூன்று கருவிகளை வைத்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்தார். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் வசதி அந்தக் கருவிகளில் இருந்தது. அதை அவர் ராகத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார். அப்போது அந்த இசைத்தட்டை அதிகம் பேர் வாங்கவில்லை. 2010-ம் ஆண்டில் மறுபடி வெளியானபோது வெளிநாட்டு ரசிகர்கள் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள்.

2018-ம் ஆண்டில் மிடி பாஷையில் ஒரு புது விதி சேர்ந்தது. அதன்படி ஒவ்வொரு விரலும் தன் சுரத்தைத் தனியாக வளைக்கலாம். 2019-ம் ஆண்டில் ஒரு பிரெஞ்சுக் கம்பெனி "ஆஸ்மோஸ்" என்ற வாத்தியத்தை அறிவித்தது. பார்ப்பதற்குச் சாதாரணக் கட்டைகள்தான். அழுத்தியபடி இடமும் வலமும் அசைத்தால் சுரம் அசைகிறது.

ஆனால் விலை? ஆயிரம் டாலருக்கு மேல். கல்யாணக் கச்சேரி வாசித்துப் பிழைப்பவர் அதற்கு எங்கே போவார்? இந்த வசதி சாதாரண கீபோர்டுக்கும் வர வேண்டும். அதுதான் முதலில் கேட்க வேண்டிய வரம்.

இரண்டாவது வரம்: நீண்ட ஆயுள்

பாட்டி வாசித்த வீணையைப் பேத்தி வாசிக்கிறாள். தந்தி அறுந்தால் வேறு தந்தி போடலாம். மெழுகு உருகினால் வேறு மெழுகு வைத்து மேளம் கட்டலாம். மின்சார வாத்தியத்தின் கதை வேறு.

டி.எக்ஸ். 7 வாத்தியத்துக்குள் பொத்தான் அளவில் ஒரு பாட்டரி இருந்தது. அது தீர்ந்தால், வாத்தியம் ஞாபகத்தில் வைத்திருந்த ஒலிகள் போய்விடும். சரி, மாற்றிக்கொள்ளலாம் என்றால், அதை ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தார்கள்!

கட்டைக்கு அடியில் உள்ள ரப்பர் தேய்ந்தால் கட்டை ஊமையாகும். உள்ளே இருக்கும் "சிப்" கெட்டு, அதே சிப்பைச் செய்வதைக் கம்பெனி நிறுத்தியிருந்தால், வாத்தியம் பரணில் ஏற வேண்டியதுதான். கடன் வாங்கி வாத்தியம் வாங்கியவருக்கு இது வயிற்றில் அடிக்கும் விஷயம். கடன் தீரும் முன்பே வாத்தியம் தீர்ந்துவிடக் கூடாது.

வழி இருக்கிறது. 2010-ம் ஆண்டில் கோர்க் கம்பெனி, தன் "மோனோட்ரான்" என்ற சிறு வாத்தியத்தின் மின்சுற்றுப் படத்தை வெளியிட்டது. படம் கையில் இருந்தால் ஊரில் உள்ள ரேடியோ மெக்கானிக்கே பழுது பார்க்கலாம். பிரான்சு நாட்டு "மியூட்டபிள் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ்" கம்பெனியும் தன் கருவிகளின் படங்களை எல்லோருக்கும் திறந்து வைத்தது. 2022-ம் ஆண்டில் அந்தக் கம்பெனி கடையை மூடியது. ஆனால் கருவிகள் சாகவில்லை. அந்தப் படங்களை வைத்து மற்றவர்கள் செய்கிறார்கள்.

செல்போன், டெலிவிஷன், சலவை எந்திரம் போன்றவற்றுக்குப் பழுது பார்ப்பது எளிதா, கடினமா என்று மார்க் போட்டு விற்க வேண்டும் என 2021-ம் ஆண்டில் பிரான்சு அரசு விதி செய்தது. வாத்தியங்களுக்கும் அப்படி மார்க் போட்டால் என்ன?

மூன்றாவது வரம்: கைக்கு எட்டும் திருகு

மினிமூக்கில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு திருகு உண்டு. கை வைத்தால் ஒலி மாறும். டி.எக்ஸ். 7-ல் மாற்றக்கூடிய அளவுகள் நூற்றுக்கு மேல். மாற்றுவதற்குத் தள்ளு குமிழ் ஒன்றே ஒன்று! ஆகவே, பெரும்பாலோர் கம்பெனி போட்டுக் கொடுத்த ஒலிகளையே வாசித்தார்கள்.

பிள்ளைகள் தொட்டுப் பார்த்துத்தான் கற்கிறார்கள். பத்து ஒலிகள் இருந்தாலும் போதும். அவற்றைத் தன் கையால் மாற்றத் தெரிந்த பிள்ளை, பதினோராவது ஒலியைத் தானே உண்டாக்கும்.

"செல்போன் போதாதா?"

"செல்போனிலேயே சிந்தசைசர் வந்துவிட்டதே, தனி வாத்தியம் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். பழகிப் பார்க்க அது போதும். ஆனால் வழவழப்பான கண்ணாடியில் விரலுக்கு இடம் தெரியாது. பாதிக் கச்சேரியில் மாமாவிடமிருந்து போன் வரும்! மேடையில் பிழைப்பவருக்குக் கையோடு பழகிய கட்டை வேண்டும்.

"இவ்வளவும் சேர்த்தால் விலை ஏறுமே" என்று கம்பெனிக்காரர்கள் சொல்லலாம். யாரும் வாசிக்காத ஐந்நூறு ஒலிகளுக்குப் பதிலாக இவற்றைச் சேர்க்கட்டும். மின்சுற்றுப் படத்தை வெளியிட என்ன செலவு?

கடையில் கேளுங்கள்

பட்டியல் போட்டால் மட்டும் போதாது. பணம் கொடுக்கும் இடத்தில் கேட்க வேண்டும். பிள்ளைக்குக் கீபோர்டு வாங்கப் போகும் பெற்றோர், "இதில் எத்தனை ஒலி?" என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். "சுரம் வளையுமா? பத்து ஆண்டு கழித்து உதிரி பாகம் கிடைக்குமா? ஒலியை என் பிள்ளை தன் கையால் மாற்ற முடியுமா?"

கடைக்காரருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் அவர் ஏஜெண்டிடம் கேட்பார். நூறு ஏஜெண்டுகள் கேட்டால் கம்பெனி யோசிக்கும். அடுத்த வாத்தியம் உருவாவது அந்த யோசனையில்தான்.