கொடுப்பவர் யார்?

திரைப்பட நிறுவனங்கள் ரசிகர்களுக்காக நடத்தும் ‘கிவ்அவே’ எனும் பரிசுப் போட்டியில், கொடுப்பவர் நிறுவனம், பெறுபவர் ரசிகர் என்றே பலரும் எண்ணுகின்றனர். அச்சொல் அப்படித்தான் எண்ண வைக்கிறது. நடப்பதோ நேர்மாறு. எண்ணற்ற ரசிகர்கள் தம் நேரத்தையும், தம்மீது நண்பர்கள் வைத்திருக்கும் நம்பிக்கையையும் கொடுக்கின்றனர். நிறுவனம் அவர்களுள் ஒருவருக்கு ஒரு பொருளைத் தருகிறது. இதற்குக் கொடை என்று பெயர்.

இதனை விளங்கிக்கொள்ள ‘ரெடி பிளேயர் ஒன்’ படத்தைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. ஏனெனில் அதன் கதையே ஒரு பரிசுப் போட்டியைப் பற்றியது. எர்னஸ்ட் கிளைன் 2011-இல் வெளியிட்ட அந்த அறிவியல் புனைவு நாவலில், ‘ஓயாசிஸ்’ என்ற மெய்நிகர் உலகைப் படைத்த ஹாலிடே, அதற்குள் மூன்று சாவிகளை ஒளித்து வைத்துவிட்டு இறந்துபோகிறார். அவற்றைக் கண்டடைந்து வாயில்களைக் கடப்பவருக்கே அவருடைய செல்வமும் அவ்வுலகின் ஆட்சியும். அதைக் கைப்பற்ற ஒரு கூலிப்படையையே அமர்த்துகிறது ஐஓஐ என்னும் நிறுவனம். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கி 2018-இல் வெளிவந்த படத்தில், அந்நிறுவனத்தின் தலைவர் ஒரு கூட்டத்தில், வலிப்பு வராத அளவில் ஒரு மனிதரின் பார்வைப் பரப்பில் 80 விழுக்காடு வரை விளம்பரத்துக்கு விற்றுவிடலாம் என்று விளக்குகிறார். பார்வையாளர் யாரை வெறுக்க வேண்டும் என்பதில் படத்துக்கு ஐயமே இல்லை.

அந்தப் படத்தின் விளம்பரத்துக்காக அதே ஆண்டில் ரோப்லாக்ஸ் என்ற இணைய விளையாட்டுத் தளத்தில் ஒரு போட்டி நடந்தது. செம்புச் சாவி, பச்சைக்கல் சாவி, படிகச் சாவி என அதே மூன்று சாவிகள், அதே தேடல். இறுதி வாயிலை முதலில் திறப்பவருக்குப் பரிசு, அத்தளத்தில் மட்டுமே அணியக்கூடிய ஒரு பொன்னிறத் தலையணி. அதாவது, திரையில் எந்த அமைப்பு கண்டிக்கப்பட்டதோ அதன் நகலுக்குள் சிறுவர்களை இறக்கிவிட்டுத்தான் அக்கண்டனத்துக்கு நுழைவுச்சீட்டு விற்கப்பட்டது. சிறுவர் என்பது மிகையன்று. அத்தளத்தின் பயனர்களில் பெரும்பகுதியினர் சிறார். படத்துக்கு அமெரிக்காவில் கிடைத்த சான்றிதழோ, 13 வயதுக்கு உட்பட்டோருக்குச் சில காட்சிகள் ஏற்றவை அல்ல என்று பெற்றோரை எச்சரிப்பது.

இதற்கு முன்பே, 2012-இல், கிளைன் ஒரு போட்டி நடத்தியிருந்தார். நாவலின் பக்கங்களுக்குள் ஓர் இணைய முகவரி ஒளிந்திருந்தது. அதைக் கண்டுபிடித்துப் படிப்படியாக முன்னேறுபவர், கடைசியில் ஒரு பழைய வீடியோ கேமில் உலகச் சாதனை படைக்க வேண்டும். பரிசு, 1981-ஆம் ஆண்டின் டெலோரியன் கார். அதுவும் விளம்பரமே, திரைப்பட உரிமை அதற்கு முன்பே விற்கப்பட்டிருந்தது. ஆயினும் அப்போட்டி புத்தகத்தை வாசிக்கச் சொன்னது, வென்றவர் ஓட்டிச் செல்லக்கூடிய ஒன்றைத் தந்தது. ஆறே ஆண்டுகளில் கார் தொப்பியாயிற்று. தொப்பியும் தலையில் இல்லை.

சட்டம் இதைக் காணவில்லையா? கண்டது, ஆனால் ஓரக்கண்ணால். பரிசு, தற்செயல், கைம்மாறு ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தால் அமெரிக்கச் சட்டப்படி அது லாட்டரி. தனியார் அதை நடத்தக் கூடாது. ஆகவே நிறுவனங்கள் மூன்றில் ஒன்றை உருவிவிடுகின்றன. ‘எதையும் வாங்கத் தேவையில்லை’ என்ற வாசகம் கைம்மாற்றை நீக்குவதற்காகவே எழுதப்படுகிறது. கனடாவில் தற்செயலை நீக்க இன்னும் வேடிக்கையான வழி: குலுக்கலில் தேர்வானவர் ஒரு சிறு கூட்டல் பெருக்கல் கணக்குக்கு விடை சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் பரிசு திறமையால் வந்ததாகிவிடும்.

பணம் கைமாறாவிட்டால் கைம்மாறே இல்லை என்ற இந்தக் கற்பனையில்தான் மோசடி இருக்கிறது. தொல்காப்பியர் கொடைச் சொற்களைப் பிரித்த முறை இங்கே நினைக்கத்தக்கது. அவர் கொடுப்பவரை வைத்துப் பிரிக்கவில்லை. கேட்பவரை வைத்துப் பிரித்தார். தாழ்ந்தவர் கேட்கும் சொல் ‘ஈ’, ஒத்தவர் கேட்கும் சொல் ‘தா’, உயர்ந்தவர் கேட்கும் சொல் ‘கொடு’. ஆக, கொடை எங்கு நிகழ்ந்தாலும் முதற்கேள்வி, கேட்டவர் யார் என்பதே. சமூக ஊடகங்களில் வரும் எந்தப் பரிசு அறிவிப்பையும் எடுத்து வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டுப் பார்க்கலாம். பின்தொடருங்கள், பகிருங்கள், நண்பர்கள் மூவரை டேக் செய்யுங்கள், இந்த ஹேஷ்டேக்கை இடுங்கள். கேட்பவர் முழுக்க முழுக்க நிறுவனம்தான். ‘உங்கள்’ என்ற மரியாதை விகுதிகளைக் கழற்றிவிட்டால் எஞ்சுவது உயர்ந்தோன் கூற்றாகிய ‘கொடு’.

இது இலக்கணக்காரரின் குதர்க்கம் என்று தள்ளிவிட முடியாது. 2014-இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம், கோல் ஹான் என்ற காலணி நிறுவனம் பின்டரஸ்டில் நடத்திய போட்டியைப் பற்றி ஏறத்தாழ இதையே கூறியது. 1,000 டாலர் பரிசை எதிர்பார்த்துப் பயனர்கள் இட்ட படங்கள் அந்நிறுவனப் பொருள்களுக்கான பரிந்துரைகளே; பரிசை நாடி இடப்பட்டவை என்பது வெளிப்படையாகத் தெரிந்திருக்க வேண்டும் என்றது. நடவடிக்கை எடுக்காமல் கடிதத்தோடு நிறுத்திக்கொண்டது வேறு செய்தி. போட்டிப் பதிவு என்பது கைம்மாறு கருதிச் செய்யப்படும் விளம்பரம் என்பதை ஓர் அரசு அமைப்பு ஒப்புக்கொண்டாயிற்று.

யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, ரசிகர்கள் மகிழ்ந்துதானே ஆடினார்கள் என்பது வழக்கமான மறுமொழி. மகிழ்ந்தது உண்மை, சாவியைத் தேடி இரவெல்லாம் விழித்திருந்த சிறுவனின் களிப்பை இழிவுபடுத்த எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் பாடிக்கொண்டே நாற்று நடுகிறாள் என்பதற்காக எவரும் கூலியைக் குறைப்பதில்லை. ரசிகரின் அன்பு விலைமதிப்பற்றது என்று மேடையில் சொல்லும் அதே துறை, கணக்கேட்டில் அதற்குச் சுழியம் எழுதுகிறது.

கேட்க வேண்டியவை பெரியவை அல்ல. பரிசின் மதிப்பு என்ன, எத்தனை பேர் பங்கேற்றனர், அவர்கள் இட்ட பதிவுகள் எத்தனை பேரைச் சென்றடைந்தன என்ற விவரங்களைப் போட்டி முடிந்ததும் நிறுவனம் வெளியிட வேண்டும். 13 வயதுக்கு உட்பட்டோரிடம் இப்படி வேலை வாங்கக் கூடாது. பரிசு எனத் தருவது வென்றவரின் உடைமையாக இருக்க வேண்டும். அந்தப் பொன்னிறத் தலையணி அப்படிப்பட்டதன்று. ரோப்லாக்ஸின் விதிகளின்படி பயனர் பெறுவது பொருளை அன்று, அதைப் பயன்படுத்தும் உரிமத்தை மட்டுமே.