கடைக்காரருக்குத் தெரிந்த கணக்கு

சேர்வராயன் மலையில், வாழவந்திப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் பழம் பறிக்கும் காலத்தில், பொழுது சாயும்போது தராசுக்குப் பக்கத்தில் நோட்டோடு நிற்பவர் எஸ்டேட் ரைட்டர். யார் எத்தனை கிலோ பறித்தார்கள், எந்தப் பக்கம் காய்ப்பு குறைவு, நாளைக்கு எத்தனை ஆள் வேண்டும் என்பதெல்லாம் அந்த நோட்டில் இருக்கும். அவரைத் தரவுப் பகுப்பாய்வாளர் என்று யாரும் சொன்னதில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் மலையிறங்கினால் சேலத்தில் எளிதாகக் கிடைக்கிற வேலைகளில் ஒன்று ஜவுளிக்கடை வேலை. அங்கே படிப்படியாக மேலாளர் ஆனவரையும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஊரில் இருக்கும்வரை இதனால் நஷ்டமில்லை. கடல் தாண்டினால்தான் இந்தப் பெயர் விஷயம் சம்பளத்தில் கை வைக்கிறது.

தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும்போது ஜவுளிக்கடை மேலாளர் என்ன செய்கிறார்? ரெடிமேட் சட்டையில் 40, 42 சைஸ் தீர்ந்துவிட்டது. 46 பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது. போன வருடம் எந்த வாரம் எந்த சைஸ் ஓடியது என்று பில்லிங் கணினியிலிருந்து எடுத்துப் பார்த்து, அடுத்த ஆர்டரை மாற்றச் சொல்கிறார். மூன்று மாதமாக அசையாத சரக்கைத் தள்ளுபடி மேசைக்கு நகர்த்துகிறார். இருப்பும் பில்லும் இடிக்கிற இடத்தில் திருட்டா, பார்கோடு மாறிவிட்டதா என்று துழாவுகிறார். இதே கேள்விகளை எஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மொழியில் நாலு வரி எழுதிக் கேட்பவருக்குப் பெயர் டேட்டா அனலிஸ்ட்.

கடல் தாண்டிய பிறகு நடப்பதற்குக் கனடா ஓர் உதாரணம். அந்நாட்டின் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வெளிநாட்டில் பட்டம் வாங்கி வந்தவர்களில் நாலில் ஒருவருக்கும் மேல், பள்ளிப் படிப்பே போதுமான வேலைகளில் இருந்தார்கள். கனடாவிலேயே பட்டம் வாங்கியவர்களோடு ஒப்பிட்டால் இது ஏறக்குறைய இரண்டு மடங்கு. கடை வேலையிலிருந்து வெளியேறுவது ஏன் கடினம் என்பதற்குக் குடியேற்ற விதியிலேயே ஒரு காரணம் இருக்கிறது. அந்நாட்டுத் தொழில் பட்டியலில் கடை மேலாளர் 0 நிலை, விற்பனை மேற்பார்வையாளர் 2, சாதாரண விற்பனையாளர் 4. 'கனடா அனுபவப் பிரிவில்' பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) கேட்பவர் 0 முதல் 3 வரையிலான நிலைகளில் ஓர் ஆண்டு, அதாவது 1,560 மணி நேரம், வேலை பார்த்திருக்க வேண்டும். படிப்பை முடித்து, வேலை அனுமதியின் நாள்களை எண்ணிக்கொண்டிருப்பவர், ஏற்கெனவே நிற்கிற கடையிலேயே சூப்பர்வைசர் பதவிக்குக் காத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். பிஆர் வந்து சேரும்போது அவருடைய சுயவிவரம் முழுக்கக் கடையாகவே இருக்கும். அவரைக் கடையிலேயே உட்காரச் சொல்லிச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை.

வேலை கொடுப்பவர்கள் 'கனடா அனுபவம்' கேட்பது பாகுபாடு என்று ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013லேயே கொள்கை வெளியிட்டது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் வேலை விளம்பரத்தில் அதைக் கேட்கக் கூடாது என்ற விதி அமலுக்கு வந்தது 2026 ஜனவரி 1இல். விளம்பரத்திலிருந்து போய்விட்டது. நேர்காணல் நடத்துபவர் மனத்திலிருந்து போவது வேறு கதை.

பெரும்பாலோர் கனடா அனுபவத்துக்கு மாற்றாகச் சான்றிதழைப் பிடிக்கிறார்கள். கூகுளின் டேட்டா அனலிட்டிக்ஸ் படிப்பு 2021இல் வந்தது. சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பு இன்னும் கனமானது. கணிதமும் புள்ளியியலும் ஆளை விடாது. படிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதன் முடிவில் பலரும் காட்டும் புராஜெக்ட்தான் பிரச்சினை. டைட்டானிக் பயணிகளில் யார் பிழைத்தார்கள் என்ற அதே பட்டியல், அதே வரைபடம். பத்து வருடம் கடை நடத்தியவர் எதற்காக மூழ்கிய கப்பலைப் போய் அலச வேண்டும்?

கடைக் கணக்கிலேயே அலச எவ்வளவோ உண்டு. 2004இல் ஃபிரான்சஸ் புயல் ஃபுளோரிடாவை நெருங்கியபோது, சில வாரங்களுக்கு முன் வீசிய சார்லி புயலின்போது மக்கள் எதை வாங்கினார்கள் என்று வால்மார்ட் அலசிப் பார்த்தது. டார்ச் லைட் விற்றிருக்கும் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஸ்ட்ராபெரி பாப்டார்ட் என்ற தின்பண்டம் வழக்கத்தைவிட ஏழு மடங்கு விற்றிருந்தது. ஏழு மடங்கு என்பதைக் கணினி சொல்லும். ஏன் என்பது கடையில் நின்றவருக்கு உடனே பிடிபடும்: அடுப்பு வேண்டாம், சீக்கிரம் கெடாது, பிள்ளைகள் அடம்பிடிக்காமல் சாப்பிடும். புலம்பெயர்ந்த கடை மேலாளரின் சரக்கு இந்த 'ஏன்'தான். அதை ஒளித்துவைத்துவிட்டு, நேற்றுக் கல்லூரி முடித்தவரோடு பைத்தானில் போட்டி போட்டால் தோற்பது நிச்சயம்.

ஆகவே ஒரே தாவலைவிட இரண்டு படி நல்லது. முதலில் அதே நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் சரக்குத் திட்டமிடல், இருப்பு நிரப்பல் போன்ற மேசைகள். அங்கே எக்செல், பவர் பிஐ பழகி, அடுத்து அனலிஸ்ட். இதற்கும் விலை உண்டு. பன்னிரண்டு பேருக்கு ஷிப்ட் போட்டவர், தன்னைவிடப் பத்து வயது சின்னவரிடம் விடுப்பு கேட்க நேரும். வீட்டு வாடகையும் குழந்தைக் காப்பகச் செலவும் இருக்கிற நேரத்தில் சம்பளமும் சிறிது இறங்கலாம். பாட்காஸ்ட்களில் வருகிற வெற்றிக் கதைகள் இந்த இடைக்காலத்தை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடுகின்றன.

இன்னொரு வேலையைச் சேலத்திலேயே முடித்துவிடலாம். வெளிநாட்டு அனுபவத்தைக் கணக்கில் சேர்க்க, கனடா குடியேற்றத் துறை கேட்கும் கடிதத்தில் பதவி, பணிகள், வார வேலை நேரம், சம்பளம் எல்லாம் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். நம் கடைகள் கொடுக்கும் சான்று பல நேரம் 'நன்னடத்தை உள்ளவர்' என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. முதலாளியிடம் போகும்போதே வரைவைக் கையில் எடுத்துப் போவது நல்லது. எந்தப் பிரிவின் இருப்பைப் பார்த்தார், எந்த மென்பொருளில் அறிக்கை எடுத்தார், தேங்கிய சரக்கை எப்படிக் குறைத்தார் என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ள வேண்டும். விமானம் ஏறிய பிறகு வாட்ஸ்அப்பில் அதைக் கேட்டு வாங்குவது பெரும்பாடு.