நுரைச்சோலையை நிறுத்திய குரங்கும் மென்பொருள் சோதனையாளரும்

2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மோதியதே காரணம் என விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சர் அறிவித்தார். அந்த அதிர்வில், புத்தளம் மாவட்டக் கரையோரத்திலுள்ள நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று மின்பிறப்பாக்கிகளும் நின்றுபோயின. 900 மெகாவாட் கொள்ளளவுடைய அந்நிலையத்தை மீள இயக்க நாட்கள் சென்றன. அதுவரை சுழற்சி முறையிலான மின்வெட்டை மக்கள் சகித்துக்கொள்ள நேர்ந்தது.

குரங்கை வைத்து நாடே நகைத்தது. மென்பொருள் சோதனைத் தொழிலில் உள்ளோருக்கு அந்தச் செய்தி வேறு விதமாகவும் சிரிப்பூட்டியிருக்கும். ஏனெனில், அவர்களது தொழிலில் ‘குரங்குச் சோதனை’ என்றே ஒரு முறை உண்டு. எவ்வித ஒழுங்குமின்றிக் கண்டபடி பொத்தான்களை அழுத்தி, மென்பொருள் எங்கே தடுமாறுகிறது எனப் பார்ப்பதே அது. நெட்பிளிக்ஸ் நிறுவனம் ஒருபடி மேலே சென்று, தனது சேவையகங்களைத் தானே எழுந்தமானமாக நிறுத்திப் பார்க்கும் நிரலொன்றை உருவாக்கி, அதற்கு ‘கேயொஸ் மங்கி’ எனப் பெயரிட்டது. ஒரு பாகம் விழுந்தால் முழுவதும் விழுகிறதா என்பதை வாடிக்கையாளர் அறியுமுன் தான் அறிந்துகொள்வதே அதன் நோக்கம். எமது மின்கட்டமைப்பிடம் அதே கேள்வியைக் குரங்கு இலவசமாகக் கேட்டுவிட்டுப் போயிற்று.

இத்தொழிலைப் பற்றி இங்கு எழுத வேண்டிய தேவை உண்டு. உப்பளம், மீன்பிடி, தென்னை, இறால் பண்ணை, சீமெந்துத் தொழிற்சாலை என்பவற்றைத் தாண்டி, கற்பிட்டி முதல் சிலாபம் வரையான கரையோர இளைஞர்களுக்கு அருகில் கிடைக்கும் தொழில்கள் சொற்பமே. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கு வந்து சேர்ந்த முஸ்லிம்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்தப் போட்டியில்தான் நிற்கின்றனர். உடப்பு, முந்தல் பகுதித் தமிழ் இளைஞர்களின் நிலையும் வேறல்ல. நிரல் எழுதத் தெரியாதவரும் கணினித் துறைக்குள் நுழையலாம் என்ற உறுதிமொழியுடன் மென்பொருள் சோதனைப் பயிற்சி அவர்களுக்கு முன்வைக்கப்படுகிறது. அந்த உறுதிமொழியில் எவ்வளவு உண்மை என்பதே கேள்வி.

உலகளவில் அறியப்பட்ட தகைமை, 2002 இல் எடின்பரோவில் நிறுவப்பட்ட ஐ.எஸ்.ரி.கியூ.பி. அமைப்பின் சான்றிதழாகும். அதன் அடிப்படை நிலைப் பரீட்சையில் 40 பல்தேர்வு வினாக்கள். நேரம் 60 நிமிடங்கள். சித்தியடைய 65 சதவீதம், அதாவது 26 சரியான விடைகள் போதும். தாய்மொழியல்லாத மொழியில் எழுதுவோருக்கு மேலும் 15 நிமிடங்கள் வழங்கப்படும். நேர்முகத் தேர்வுக்கு அழைப்புக் கிடைக்க அது உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், சாலை விதிகளை மனனம் செய்தவர் எல்லோரும் சாரதியாகிவிடுவதில்லை. இத்துறைக்குள்ளேயே இதுபற்றிக் கடுமையான பிணக்கு உண்டு. சோதனைக்கென ஐ.எஸ்.ஓ. 29119 என்ற சர்வதேச நியமம் கொண்டுவரப்பட்டபோது, அதை நிறுத்தக் கோரி 2014 இல் துறைசார்ந்தோர் பலர் கையொப்பமிட்டனர். சான்றிதழ் முறையை நெடுங்காலமாக விமர்சித்து வரும் அமெரிக்கரான ஜேம்ஸ் பாக், பாடசாலைக் கல்வியை இடைநடுவில் கைவிட்டு, இருபது வயதளவில் ஆப்பிள் நிறுவனத்தில் சோதனைப் பணியில் சேர்ந்தவர்.

அப்படியாயின் இத்தொழிலுக்கு வேண்டியது என்ன? அவர்களது நகைச்சுவையே அதைச் சொல்லிவிடும். மேலைநாட்டில் மதுச்சாலையில் வைத்துச் சொல்லப்படும் கதையொன்று உண்டு. எமக்குத் தேநீர்க்கடை போதும். சோதனையாளர் ஒருவர் கடைக்குள் நுழைந்து ஒரு தேநீர் கேட்கிறார். பிறகு பூச்சியம் தேநீர் கேட்கிறார். பத்து இலட்சம் தேநீர் கேட்கிறார். மறை ஒன்று தேநீர் கேட்கிறார். ஒரு பல்லியைக் கேட்கிறார். அனைத்தையும் கடை சமாளித்து விடுகிறது. மறுநாள் உண்மையான வாடிக்கையாளர் வந்து, “கை கழுவ இடம் எங்கே?” என்கிறார். கடை இடிந்து விழுகிறது.

எவரும் எதிர்பாராத அந்தக் கேள்வியை முன்கூட்டியே நினைப்பவரே நல்ல சோதனையாளர். ஆவணமொன்றை ஊன்றி வாசித்து அதிலுள்ள முரண்பாட்டைக் கண்டுபிடிக்கும் பழக்கம் இதற்கு நிரலறிவைப் போன்றே அவசியம். கலைப்பட்டதாரி ஒருவர் தம் இனத்துக்குப் பரிந்து பேசுவதாக வாசகர்கள் எண்ண வேண்டியதில்லை.

அலுவலகங்களில் அடிக்கடி கேட்கும் இன்னொரு நகைச்சுவை, குறையைச் சுட்டிக்காட்டும்போது நிரலாளர் சொல்லும் பதிலாகும்: “எனது கணினியில் சரியாகத்தானே இயங்குகிறது!” பிரித்தானியாவில் இந்தப் பதில் மனிதர்களைச் சிறைக்கு அனுப்பியது. அந்நாட்டுத் தபாலகங்களில் 1999 முதல் பயன்படுத்தப்பட்ட ‘ஹொரைசன்’ கணக்கு மென்பொருள், இல்லாத பற்றாக்குறைகளைக் காட்டியது. முறையிட்ட உப தபாலதிபர்களுக்கு, வேறு எவருக்கும் அந்தப் பிரச்சினை இல்லை என்றே கூறப்பட்டது. 900 க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். அவர்களுள் தெற்காசிய வம்சாவளியினர் கணிசமானோர். 2010 இல் சிறையிடப்பட்டபோது சீமா மிஸ்ரா கர்ப்பிணியாக இருந்தார். 2024 மே மாதத்தில் தனிச்சட்டம் இயற்றியே அவர்களுள் பெரும்பாலானோரின் களங்கம் துடைக்கப்பட்டது.

இலங்கையருக்கு இத்துறை புதிதல்ல. மாலபேயிலிருந்து இயங்கிய மில்லெனியம் ஐ.ரி. நிறுவனத்தை லண்டன் பங்குச் சந்தை 2009 இல் வாங்கி, 2011 பெப்ரவரியில் அதன் மென்பொருளுக்கு மாறியது. மாறிய அதே மாதத்தில் ஒரு நாள் நான்கு மணிநேரத்துக்கும் மேலாகப் பங்கு வர்த்தகம் தடைப்பட்டதும் வரலாறே. திறமை உள்ள இடத்திலும் சோதனை ஓய்வதில்லை.

எமது சமூகங்களைப் பொறுத்தவரை விடயம் தொழில்வாய்ப்புடன் நின்றுவிடவில்லை. இந்திய நிதியுதவியுடன் நாட்டில் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் தயாராகி வருகிறது. குடும்பப் பெயர் என ஒன்றைக் கட்டாயமாகக் கேட்கும் படிவத்தில், தந்தையின் பெயரை முதலெழுத்தாக வைத்திருக்கும் தமிழர் எதை நிரப்புவார்? முஹம்மத் என்ற பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும், அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும், கடவுச்சீட்டில் வேறொரு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தால், கணினி அவரை ஒருவர் என்று ஏற்குமா, மூவர் என்று நிராகரிக்குமா? சிங்களத்திலிருந்து தமிழுக்குப் பெயர் மாறும்போது எழுத்துகள் சிதைவதை நாம் பெயர்ப்பலகைகளிலேயே நாளாந்தம் காண்கிறோம்.

இவற்றைவிடச் சிக்கலானது முகவரி. புத்தளத்தில் வசித்துக்கொண்டு மன்னாரில் வாக்குரிமையை வைத்திருந்த மக்கள், 2019 நவம்பர் 16 ஜனாதிபதித் தேர்தலன்று பஸ்களில் வாக்களிக்கச் சென்றபோது தந்திரிமலையில் தாக்குதலுக்குள்ளாகினர். இரு இடங்களுக்குச் சொந்தமான இம்மக்களை ஒரேயொரு முகவரிக் கட்டத்துக்குள் அடைக்கும் மென்பொருள், நிரலின்படி பிழையற்றதாகவே இருக்கும். கொழும்பில் அமர்ந்திருக்கும் சோதனையாளருக்கு இப்படியொரு மனிதர் இருப்பதே தோன்றாது. பாலாவியில் அல்லது தில்லையடியில் வளர்ந்தவருக்கு அது முதலில் தோன்றும்.

எழுதிக்கொடுத்த படிமுறையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சோதனை வேலையைச் செயற்கை நுண்ணறிவு வேகமாகக் கைப்பற்றி வருகிறது. சான்றிதழை மட்டும் நம்பிப் பணம் கட்டும் பெற்றோர் இதைக் கருத்திற்கொள்வது நல்லது. வட்டார அறிவும் மும்மொழிப் பயிற்சியும் சேர்ந்த சோதனையாளருக்குத் தேவை குறையப்போவதில்லை. அத்தேவையை உருவாக்க வேண்டியது அரசே. அரச மென்பொருள் கேள்விப்பத்திரங்களில், தமிழ் மொழிமூலச் சோதனையும் கொழும்புக்கு வெளியே உண்மையான பயனாளிகளைக் கொண்ட சோதனையும் தனியான, கட்டணம் செலுத்தப்படும் பணிகளாகக் குறிப்பிடப்பட வேண்டும். டிஜிட்டல் அடையாள அட்டையின் முதல் அட்டை அச்சாகுமுன் அந்தச் சோதனையைப் புத்தளத்தில் நடத்துமாறு மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள் சபையில் கேட்கலாம்.