தொழிற்கல்விக்கு ஆசிரியர் எங்கே?

தாராபுரம் வட்டத்திலுள்ள மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பருத்தி ஏலம் போகிறது. ஊர்ப் பிள்ளைகளோ திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் பெரும்பாலும் துணி மடித்துக் கொடுக்கும் உதவியாளர்களாகவே போகிறார்கள். பேட்டர்ன் வெட்டவும், சாய ஆய்வகத்தில் நிறம் பொருத்தவும், நிட்டிங் இயந்திரத்தைப் பராமரிக்கவும் முறையான பயிற்சி வேண்டும். மேல்நிலைக் கல்வி வந்த 1978-லேயே தமிழகப் பள்ளிகளில் தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. ஆசிரியர்கள் ஓய்வுபெற்ற இடங்கள் நிரப்பப்படாமல் பல பள்ளிகளில் அது மூடப்பட்டதுதான் வேதனை. மாணவர்களுக்கு வழிகாட்டத் தமிழக அரசு 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ நல்ல திட்டம். ஆனால், வழிகாட்டுதல் மட்டுமே கைக்குத் தொழிலைப் பழக்கிவிடாது.

தொழிற்கல்வி ஏழைப் பிள்ளைகளைக் கூலிகளாகவே நிறுத்திவிடும் என்ற அச்சத்தை அலட்சியப்படுத்த முடியாது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று எதிர்த்து வீழ்த்திய மண் இது. அன்று பிறப்பு வழியை அடைத்தது. இன்று வழி திறந்திருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கிலும், டிப்ளமோ முடித்தவர் பொறியியலிலும் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இதை மாணவருக்கு எடுத்துச் சொல்லவும் ஆள் வேண்டுமே! தாராபுரம் வட்டாரப் பள்ளிகளில் தொழிற்கல்வி ஆசிரியர்களை அரசு உடனே நியமிக்க வேண்டும். இயந்திரங்கள் மாறிக்கொண்டே இருப்பதால், அந்த ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் பயிற்சி பெறத் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் தங்கள் ஆலைகளைத் திறந்துவிட வேண்டும்.