ஐயாயிரம் ரூபாய்க்குள் கார் செட்: பெரிய திரை வேண்டாம், நல்ல செட் வேண்டும்



பழைய ஆல்ட்டோ, மாருதி 800 வைத்திருக்கும் நம் ஆட்கள் பலர், "செட் போயிருச்சுங்க சார், என்ன வாங்கலாம்?" என்று கேட்கிறீர்கள். எல்லோருக்கும் தனித்தனியாக எழுதி மாளவில்லை. என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. புது செட் வாங்கும் முன் ஃபியூஸைப் பாருங்கள். சத்தம் கரகரத்தால் ஸ்பீக்கர் பேப்பர் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். செட்டில் கோளாறே இருக்காது. பத்து ரூபாய் ஃபியூஸோடு வேலை முடிந்துவிடலாம்.

செட் உண்மையிலேயே போய்விட்டது, கையில் ஐயாயிரம்தான் இருக்கிறது என்றால், பெரிய ஆண்ட்ராய்டு திரைக்கு ஆசைப்படாதீர்கள். அந்தப் பணத்துக்குள் திரை, பிராசஸர், மெமரி, ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் அடங்க வேண்டும். எங்கேயாவது கை வைத்துத்தான் ஆக வேண்டும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அது எத்தனை நாள் தாங்கும்?

அதைவிடப் பெரிய காரணம் உயிர். சத்தத்தைக் குறைக்கக் குமிழைத் திருப்பக் கண் தேவையில்லை, கை போதும். தொடுதிரையில் பார்த்துத்தான் தொட வேண்டும். இரவில் ஈரோடு-கரூர் ரோட்டில் பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர் முன்னால் போகும்போது அந்த இரண்டு விநாடி எவ்வளவு பெரியது என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

ஆகவே, சர்வீஸ் கிடைக்கும் கம்பெனியின் சிங்கிள் டின் செட்டை வாங்குங்கள். 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம் என்பது உலகம் முழுக்க ஒரே அளவு. ப்ளூடூத், யுஎஸ்பி, ரேடியோ, ஒரு குமிழ் இருந்தால் போதும்.

பெட்டியில் "50 வாட்ஸ் x 4" என்று போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். பத்தாம் வகுப்பு மின்திறன் பாடம் நினைவிருக்கிறதா? வோல்ட்டை ஆம்பியரால் பெருக்குங்கள். வண்டி ஓடும்போது சுமார் 14.4 வோல்ட், செட்டின் பின்னால் 10 ஆம்பியர் ஃபியூஸ். மொத்தம் 144 வாட். அதிலிருந்து இடைவிடாமல் 200 வாட் எப்படி வெளியே வரும்? 50 என்பது நொடிப்பொழுது உச்சம். ஆர்எம்எஸ் என்று சிறிதாகப் போட்டிருக்கும் 20 சொச்சம்தான் நிஜம். சின்ன காருக்கு அது தாராளம்.

வானொலி கேட்கும் வீட்டுப் பெரியவர்களுக்காக இன்னொன்று. மீடியம் வேவ் இருக்கிறதா என்று கேளுங்கள்; இப்போது பல செட்டில் எடுத்துவிட்டார்கள். இருந்தாலும் அமெரிக்காவுக்குச் செய்த செட் பத்துப் பத்து கிலோஹெர்ட்ஸாகத் தாவும். நம் நாட்டில் ஒன்பது ஒன்பதாகத் தாவ வேண்டும். கோவை 999, திருச்சி 936. இரண்டும் ஒன்பதால் வகுபடும், பத்தால் வகுபடாது. செட்டிங்கில் ஏரியாவை மாற்ற முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

கடைசியாக வயரிங். காரின் சாக்கெட்டை வெட்டி டேப் சுற்ற விடாதீர்கள். ஒரு கடையில், பெயர் வேண்டாம், "ஒண்ணும் ஆகாதுங்க சார்" என்று கட்டிங் பிளேயரோடு வந்துவிட்டார்கள். வெயிலில் டேப் பிசின் இளகி வயர் வெளியே தெரிந்தால் ஷார்ட் ஆகும், தீயும் பிடிக்கலாம். வண்டி மாடலுக்கேற்ற கப்ளர் சில நூறு ரூபாய்தான். செட்டின் மஞ்சள் வயர் நேராக பேட்டரிக்கு, சிவப்பு சாவி போட்டால் வரும் கரண்டுக்கு, கருப்பு எர்த்துக்கு. மஞ்சளும் சிவப்பும் மாறினால் ஒவ்வொரு முறையும் ஸ்டேஷன் அழிந்துவிடும். இரண்டையும் பேட்டரியில் கொடுத்தால், செட்டை அணைக்க மறந்த அன்று காலையில் வண்டியைத் தள்ள வேண்டியதுதான்.

வாங்கும்போது கடைக்காரர் போடும் குத்துப்பாட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். நம்ம ஊர் கே.பி. சுந்தராம்பாள் பாட்டு ஒன்றைப் போடச் சொல்லுங்கள். அந்தக் கணீர்க் குரல் கம்மாமல் வந்தால் செட் நல்ல செட்.

ஆட்டோ எலக்ட்ரீசியனாக இருக்கும் என் மாணவர்கள் மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள் கண்ணுகளா. இந்தப் பாடத்தில் மார்க் போட வேண்டியது நீங்கள்தான்.